புதன்கிழமை நீதிபதிகள்

துபாய்க்கு அந்தப் பக்கம் புஜைராவில் எண்ணெய்த் தொட்டிகள் கட்டுகிற ஒரு கம்பெனியில் டைம்கீப்பராக இருந்தபோது என்னை நீதிபதியாக்கினார்கள். நான் மனுப் போடவில்லை, யாரும் எனக்கு ஓட்டும் போடவில்லை. ஒரு நாள் காலையில் பல் விளக்கிக்கொண்டிருந்தவனிடம், எங்கள் தங்குமிடத்தைக் கவனிக்கிற கேம்ப் பாஸ் வந்து, "நாளைக்கு ஆபீஸ்ல டிரெய்னிங் உண்டு. தமிழ் பிளாக்குக்கு நீயாக்கும் ஜட்ஜ்" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினார். அவர் மலையாளி. எந்தக் கெட்ட செய்தியையும் சிரித்துக்கொண்டே சொல்லக்கூடியவர். எனக்கு வாயில் பேஸ்ட் நுரை இருந்ததால் மறுத்துப் பேசக்கூட முடியவில்லை.

காரணம் ஒரு மீன் குழம்பு. மெஸ்ஸில் யார் சட்டி முதலில் அடுப்பேறுவது என்று இரண்டு பிளாக்குகளுக்குள் தகராறு வந்து, ஒருவன் மண்டை உடைந்து, போலீஸ் வந்துவிட்டது. முதலாளி நேரில் போய் நிற்க வேண்டியதாயிற்று. அதன் பிறகுதான் சண்டை எதுவானாலும் கேம்ப் வேலிக்குள்ளேயே முடிய வேண்டும் என்று மேலே முடிவு செய்தார்கள். மொழிக்கு ஒரு நீதிபதி. தமிழ், மலையாளம், தெலுங்கு, வங்காளம், பட்டாணியருக்கு ஒருவர். தமிழ் பிளாக்கில் டிகிரி படித்தவன் நான் ஒருவன்தான் என்று என் ஃபைல் சொன்னதாம். அது தபால் வழியில் படித்த பி.ஏ. வரலாறு என்பதை ஃபைல் சொல்லவில்லை போலிருக்கிறது.

அந்த வரலாற்றில் ஒரு பகுதி எனக்கு அரைகுறையாக ஞாபகம் இருந்தது. பிரான்சில் ராஜாவை இறக்கிவிட்டுக் குடியரசு அமைத்தவர்களுக்கு ஊர் ஊராக நீதிபதிகள் தேவைப்பட்டார்கள். பழைய ஆட்களை நம்ப முடியாது, புதியவர்களுக்குச் சட்டம் தெரியாது. அதனால் விவசாயி, கடைக்காரர் என்று ஊரில் மதிப்பாக இருந்தவர்களைப் பிடித்து உட்கார வைத்தார்கள். கையில் ஒரு வழிகாட்டிப் புத்தகத்தைக் கொடுத்தார்கள். சந்தேகம் வந்தால் மேலே எழுதிக் கேட்கலாம், தப்பாகத் தீர்ப்புச் சொன்னால் மேலேயிருந்து கேள்வி வரும். பரீட்சைக்கு இதைச் சிறிய கேள்வியாகப் படித்து எழுதினேன். மேலே இருக்கிற அதிகாரிக்கும் எதிரே நிற்கிற ஊருக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட அந்தக் கடைக்காரருக்குச் சோறு இறங்கியதா என்று புத்தகத்தில் இல்லை. அதை நான் புஜைராவில் தெரிந்துகொண்டேன்.

எங்களுக்குப் பயிற்சி கொடுத்தவர் கம்பெனியின் சட்ட அதிகாரி. எகிப்துக்காரர், கனத்த உடம்பு, டீயில் பாதிக்குச் சர்க்கரை போடுவார். கெய்ரோவில் சட்டம் படித்து ஏதோ ஒரு கோர்ட்டில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். சைட் ஆபீஸ் கண்டெய்னரில் எங்கள் ஐந்து பேரையும் உட்கார வைத்து, ஐந்து பேரும் நாளைக்கே பெரிய கோர்ட்டுக்குப் போகப்போகிற மாதிரி பாடம் நடத்தினார். அவர் இங்கிலீஷில் சொன்னதைக் கேம்ப் பாஸ் ஹிந்தியாக்கினார், ஹிந்தியை நான் மனசுக்குள் தமிழாக்கிக்கொண்டேன். மூன்று அடுப்பு மாறி வந்தாலும் விஷயம் சுலபமாகத்தான் இருந்தது. அடிக்கக் கூடாது. இரண்டு பக்கமும் கேட்காமல் வாயைத் திறக்கக் கூடாது. குற்றம் சாட்டுகிறவன் சாட்சி கொண்டுவர வேண்டும். சாட்சி இல்லையென்றால், மறுக்கிறவன் சத்தியம் செய்ய வேண்டும். செய்தால் விடுதலை, செய்ய மறுத்தால் அவன்தான் குற்றவாளி.

கடைசியில் ஒரு சோதனை வைத்தார். ஒரே கட்டிலை இரண்டு பேர் தன்னுடையது என்கிறார்கள், என்ன செய்வாய்? பட்டாணியர் யோசிக்கவே இல்லை. "கட்டிலைத் தூக்கி ஸ்டோரில் போடு, இரண்டு பேரும் தரையில் படுக்கட்டும்" என்றார். அதிகாரி வயிறு குலுங்கச் சிரித்தார். அவரை எனக்குப் பிடித்துப்போனது. பிடிக்காமல் இருந்திருந்தால் எனக்கு நல்லதாக இருந்திருக்கும்.

ஒவ்வொரு புதன்கிழமையும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் நாங்கள் அவர் முன்னால் போய் உட்கார்ந்து, அந்த வாரம் சொன்ன தீர்ப்புகளை ஒப்பிக்க வேண்டும். கேம்பில் எங்களுக்கு 'புதன்கிழமை ஜட்ஜுங்க' என்றே பெயர் விழுந்துவிட்டது. அவர் ஒவ்வொன்றுக்கும் ஏன், ஏன் என்று குடைவார். கக்கூஸை அசிங்கம் செய்துவிட்டுப் போன ஒருவனை மாதம் முழுக்கக் கழுவச் சொல்லியிருந்தேன். "அவன் மாதம் முழுக்கவா அசிங்கம் செய்தான்?" என்று கேட்டு ஒரு வாரமாகக் குறைத்தார். எனக்கு முகம் சிவந்துவிட்டது, ஆனால் அவர் சொன்னது நியாயம். அதற்குப் பிறகு தீர்ப்புச் சொல்வதற்கு முன்னால் அவர் கேட்கப்போகும் கேள்விகளை நானே கேட்டுப் பார்த்துக்கொள்வேன்.

சத்தியத்துக்கு நான் எங்கள் பக்கத்து வழியைத்தான் எடுத்தேன். தட்டில் ஒரு கட்டிச் சூடத்தை ஏற்றி வைப்பது, மறுக்கிறவன் சாமி மேல் ஆணையாகச் சொல்லி அதை உள்ளங்கையால் அணைப்பது. எங்கள் பிளாக்கில் முக்கால்வாசிப் பேர் புதுக்கோட்டை, அரியலூர் பக்கத்து ஆட்கள். கோர்ட்டில் கூண்டேறிக் கூசாமல் பொய் சொல்லுவார்கள், சூடத்துக்கு முன்னால் சொல்ல மாட்டார்கள். பொய்ச் சத்தியம் பிள்ளைகுட்டியைப் பிடிக்கும் என்ற பயம். ரூமுக்குள் நெருப்புக் கூடாது என்பதால் மெஸ்ஸுக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டியடியில் வைத்து நடத்துவோம். பொதுச் சட்டியிலிருந்து கோழிக்கால் திருடியவனை அப்படித்தான் பிடித்தோம். நான் தீக்குச்சியை உரசியதுமே, "அண்ணே, பத்த வைக்காதீங்கண்ணே, நாந்தாண்ணே" என்று அலறிவிட்டான். கேம்ப் கேட் பக்கத்தில் கடை வைத்திருந்த கீழக்கரை பாய், நான் சூடம் வாங்கப் போனாலே, "என்ன ஜட்ஜய்யா, கேஸு பெரிசா? ஒரு கட்டி போதுமா, ரெண்டு தரவா?" என்று கிண்டல் செய்வார்.

சிரிப்பாகத்தான் இருந்தது, என் லீவு நேரம் வரும்வரை.

நான் ஃப்ளைட் ஏறியபோது மனைவி மாசமாக இருந்தாள். பெண் பிறந்தது. போட்டோவில் பார்த்தேன். அது தவழ்ந்ததையும் நடந்ததையும் போனில் கேட்டேன். இரண்டு வருட ஒப்பந்தம் முடிந்து லீவு எழுதிக் கொடுத்தபோது அதிகாரி ரமலான் முடியட்டும் என்றார். முடிந்ததும், தொட்டி வேலை ஒப்படைக்கட்டும் என்றார். பாஸ்போர்ட் கம்பெனியின் இரும்புப் பெட்டியில் இருக்கிறது. அவர் கையெழுத்துப் போடாமல் அது வெளியே வராது. என்னோடு வந்த டைம்கீப்பர்கள் எல்லாரும் போய்த் திரும்பிவிட்டார்கள். எனக்கு மட்டும் ஏன் இல்லை என்று கேட்டதற்கு, "உன் பிளாக்கில் சண்டையே இல்லை. நீ போனால் அங்கே யார்?" என்று கேட்டார். வேலையைக் கெடுத்தவனை வீட்டுக்கு அனுப்புவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். ஒழுங்காகப் பார்த்ததற்குப் பிடித்து வைப்பார்கள் என்பது எனக்குப் புதிது. அவர் மேல் கோபமாக வந்தது, வெளியே காட்ட முடியவில்லை.

அந்த ஆகஸ்டில் எங்கள் பிளாக்கில் ஏசி நின்றது. தகரச் சுவர், பின்னால் வெறும் பாறை மலை, முன்னால் வேலி. ராத்திரியானாலும் அந்த மலை பகலில் குடித்த வெயிலைத் திருப்பித் துப்பிக்கொண்டே இருக்கும். தரையில் தண்ணீரைக் கொட்டி அதன் மேல் படுத்தோம். சொல்லிச் சொல்லிப் பார்த்தோம், "மாஃபி ஸ்பேர், மாஃபி ஸ்பேர்" என்று பார்ட்ஸ் இல்லாத கதையைச் சொல்லிக் கையை விரித்தார்கள். ஒரு புதன்கிழமை யாரோ சர்க்கார் லேபர் ஆபீஸுக்குப் போன் போட்டுவிட்டார்கள். இன்ஸ்பெக்டர் வருகிறார் என்ற தகவல் வந்ததும் எங்கிருந்தோ ஸ்பேர் முளைத்தது, மறுநாளே ஏசி ஓடியது. முதலாளிக்கு ஏசி ஓடியது போதவில்லை. போன் போட்டவன் பெயர் வேண்டும் என்றார். பெயர் தெரியும்வரை வெள்ளிக்கிழமை பஸ் கிடையாது.

வெள்ளிக்கிழமை பஸ் என்றால் என்னவென்று கேம்பில் இருந்தவனுக்குத்தான் தெரியும். வாரத்தில் அந்த ஒரு நாள்தான் வேலிக்கு வெளியே போவோம். டவுனில் இறங்கி ஒரு நல்ல டீ குடித்து, கடல் ஓரமாக நடந்து, யூனிஃபார்ம் போடாத மனிதர்களைப் பார்த்துவிட்டு வருவோம். அதை நிறுத்தியதும் ஆட்கள் கூண்டுக்குள் அடைத்த கோழி மாதிரி ஒருவரையொருவர் கொத்தத் தொடங்கினார்கள். ஏசிக்காகப் போன் போட்டவனை மனசுக்குள் கும்பிட்டவர்களே, இரண்டாவது வெள்ளிக்கிழமை, "எந்தப் பயடா அவன், ஒத்துக்கிட்டுப் போய்த் தொலைய வேண்டியதுதான?" என்று கத்தினார்கள். ஒத்துக்கொண்டால் விசா கேன்சல், திரும்பி வர முடியாதபடி தடை முத்திரை, அடுத்த ஃப்ளைட். வந்த கடனை அடைக்காதவனுக்கு அது தூக்குத் தண்டனை மாதிரி.

அதிகாரி என்னைத் தனியாக அழைத்தார். "உன்னிடம் அந்த நெருப்பு இருக்கிறதே" என்றார். "எல்லாரையும் வரிசையில் நிறுத்து. யார் அணைக்க மறுக்கிறானோ அவன் பெயரைக் கொடு. பெயர் வந்த அன்றே உன் பாஸ்போர்ட் வரும்."

அந்தக் கண்டெய்னரில் ஏசி நன்றாக ஓடிக்கொண்டிருந்தது, எனக்கு வேர்த்தது. முடியாது என்றால் லீவு இல்லை, பஸ்ஸும் இல்லை. சரி என்றால் எவனோ ஒருவன் ஒழிந்தான். அவன் சூடத்தை அணைக்க மாட்டான் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். அந்தப் பயத்தை வைத்துத்தானே நான் நல்ல ஜட்ஜ் என்று பெயர் வாங்கினேன். யோசித்துச் சொல்கிறேன் என்று வெளியே வந்தேன். யோசிக்க விடவில்லை. விஷயத்தைக் கேம்ப் பாஸ் பிளாக்கில் சொல்லிவிட்டார், ஆட்களே வந்து, "சூடத்த ஏத்துங்கண்ணே, ஒரேயடியா முடிச்சுருவோம்" என்று சுற்றி நின்றார்கள். எனக்கு ஓடிப்போகத் தோன்றியது. எங்கே ஓடுவது, வேலிதான் இருந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், அசர் தொழுகை முடிந்த நேரம். தண்ணீர்த் தொட்டியடியில் பிளாக் முழுவதும் கூடியது. எங்கள் பிளாக்கில் இருந்த முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் அவரவர் வழியில் சத்தியம் செய்வதாகச் சொல்லி ஒரு பக்கம் நின்றார்கள். கேம்ப் பாஸ் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அதிகாரிக்கு நடந்தது நடந்தபடி சொல்ல வேண்டிய பொறுப்பு அவருக்கு. நான் தட்டில் சூடத்தை வைத்துக் கொளுத்தினேன். அதற்குள் நான்கைந்து குச்சி வீணாயிற்று.

வரிசையில் முதல் ஆள் அரியலூர்க்காரர், சாரக்கட்டு வேலை செய்கிறவர். கீழ்க் கட்டில் வழக்கொன்றில் நான் அவருக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னதிலிருந்து என்னோடு பேச்சு வைத்துக்கொள்ளாதவர். அவர் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"மொதல்ல நீ அண" என்றார்.

"நான் எதுக்குண்ணே? நான் கேக்குறவன்தான?"

"எங்கூர்ல அப்புடித்தான். ஊரே நின்னு சத்தியம் பண்ணணும்னா, பஞ்சாயத்து வைக்கிறவன்தான் மொத ஆளு. இந்தத் தீர்ப்புல எனக்கு லாபமும் இல்ல, பகையும் இல்லன்னு சொல்லி அணைக்கணும். அப்பறந்தான் மத்தவன் கைய நீட்டுவான்."

"ஆமா, எங்க பக்கமும் அப்புடித்தான்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. இன்னும் இரண்டு பேர் தலையாட்டினார்கள். ஒருத்தர்கூட என்னைச் சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. சும்மா ஒரு முறை, செய்துவிட்டால் வேலை நடக்கும் என்று காத்து நின்றார்கள்.

நான் கையை நீட்டினேன். சூடு உள்ளங்கையில் பட்டது. லாபம் இல்லை என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். என் லாபம் கம்பெனி இரும்புப் பெட்டியில் நீல அட்டையோடு இருந்தது. பெண்ணின் முகம் வந்தது. பொய்ச் சத்தியம் பிள்ளையைப் பிடிக்கும் என்று படித்தவன் எவனும் நம்ப மாட்டான், நானும் நம்பாதவன்தான். ஆனால் கை கீழே இறங்க மறுத்துவிட்டது. எனக்கே வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. சூடம் கரைந்து, தானாக எரிந்து, கறுப்பாக ஒரு வட்டம் விட்டு அடங்கியது. நான் அணைக்கவில்லை.

பிறகு அரியலூர்க்காரர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டார். "அப்ப நீதானாய்யா போன் போட்டது?" என்றார். குரலில் அப்படி ஒரு மரியாதை. இல்லை என்று சொன்னேன். என் லீவு விஷயத்தையும் சொன்னேன். ஒருவரும் காதில் வாங்கவில்லை. மறுத்தவன்தான் குற்றவாளி என்பது நானே அவர்களுக்குச் சொல்லிச் சொல்லிப் பழக்கிய சட்டம். "விடுண்ணே, நாங்க பாத்துக்கறோம்" என்று தோளைத் தட்டினார்கள். கேம்ப் பாஸ் நாற்காலியை மடக்கினார். முதல் தடவையாக அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

மறுநாள் அதிகாரி முன்னால் நின்றேன். இரவெல்லாம் எனக்குள் ஒரு எண்ணம் ஊறியிருந்தது, அது நேரம் ஆக ஆக இனிப்பாகிக்கொண்டே வந்தது. கேன்சல் என்றாலும் ஊர்தானே? தடை முத்திரை குத்தட்டுமே. போன் போட்டவனும் பிழைத்தான், பஸ்ஸும் ஓடும், நானும் ஊர் போய்ச் சேருவேன். இவ்வளவு பொருத்தமாக ஒரு பொய் யாருக்குக் கிடைக்கும்?

"நீயா போன் செய்தாய்?" என்று கேட்டார்.

"ஆமாம் சார், நான்தான். கேன்சல் பண்ணி அனுப்பிவிடுங்கள்."

அவர் டீயைக் கலக்கினார். "எப்போது?"

"புதன்கிழமை."

"புதன்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில் போன் வந்ததாக லேபர் ஆபீஸில் சொன்னார்கள். அந்த நேரத்தில் நீ எங்கே இருந்தாய்?"

அதே கண்டெய்னரில், அவருக்கு எதிரே, வாளி ஒன்றைப் பற்றிய தகராறில் நான் சொன்ன தீர்ப்பை ஒப்பித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"ஏன் அணைக்கவில்லை?" என்று கேட்டார். இனி மறைக்க என்ன இருக்கிறது என்று உள்ளதைச் சொன்னேன். அவர் டீயை ஒதுக்கி வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். "தன் காரியம் கலந்த வழக்கிலிருந்து நீதிபதி விலக வேண்டும். நான் உங்களுக்கு இதைச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும்" என்றார். "உன்னிடம் அப்படிக் கேட்டதும் என் தப்பு." பிறகு இன்ஸ்பெக்டர் வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டதாகவும், முதலாளி வேறு கவலைக்குப் போய்விட்டதாகவும் சொன்னார். அடுத்த வாரத்திலிருந்து பஸ் ஓடும். போன் போட்டவனை யாரும் தேடப் போவதில்லை. கலாஸ், முடிந்தது.

"என் லீவு, சார்?"

அவர் எழுந்து வந்து என் தோளில் கை வைத்தார். அந்த மனுஷன் அதை அன்பாகத்தான் சொன்னார், அதுதான் தாங்க முடியவில்லை. "உன்னைப் போல ஒருவனை அனுப்பிவிட்டு நான் யாரை உட்கார வைப்பேன்? இந்த வேலை முடியட்டும்." ஜன்னலுக்கு வெளியே அடுத்த வரிசைத் தொட்டிகளுக்கு அஸ்திவாரம் தோண்டத் தொடங்கியிருந்தார்கள்.

நான் பிளாக்குக்குத் திரும்பியபோது என் கதவருகில் இரண்டு பேர் நின்றார்கள். துணி காயப்போடும் கயிறு யாருடையது என்பது வழக்கு. பிறகு வரச் சொல்லிவிட்டு பாய் கடைக்குப் போய் ஒரு போன் கார்டு வாங்கினேன். அன்று பாய் கிண்டல் செய்யவில்லை.

மனைவி முதல் மணியிலேயே எடுத்தாள். லீவு இல்லை என்றேன். ஏன் என்றாள். நடந்ததையெல்லாம் முதலிலிருந்து சொன்னேன். சூடத்தை அணைக்காததை, அதிகாரி பாராட்டியதை, வேறு ஆள் இல்லை என்றதை. எங்கோ பக்கத்தில் பிள்ளை எதையோ தட்டி விளையாடுகிற சத்தம் கேட்டது. அவள் முழுவதையும் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"அங்க எல்லாரு வழக்கயும் நீங்க உக்காந்து கேக்குறீங்க" என்றாள். "என் வழக்க நான் யாருகிட்ட போயிச் சொல்றது?"

கார்டு தீரும்வரை இரண்டு பேரும் போனை வைக்கவில்லை. பேசவும் இல்லை.